பாய்க்கப்பலில் பங்காளி, நீராவிக் கப்பலில் கூலியாள்

என் அன்புக்கும் இப்போது என் கோபத்துக்கும் உரிய குணம் அண்ணைக்கு,

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். கோபம் தெரியாது. நாற்பது வருடம் உங்களோடு பழகியும் ஒருநாளாவது உங்கள் முன் குரலை உயர்த்தாதவன் நான். நீங்கள் பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போன பிறகு உயர்த்துகிறேன். அது நியாயமில்லை என்று எனக்கும் விளங்குகிறது. இருந்தாலும் கேளுங்கள்.

உங்கள் புத்தகத்தை அச்சடித்துவிட்டார்கள், அண்ணை. கிரேக்க வணிகக் கப்பல்கள் பாயை விட்டு நீராவிக்கு மாறிய கதையைப் பதினொரு வருடம் இருந்து எழுதினீர்களே, அந்தப் புத்தகம். உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலராக, பளபளப்பான தாளில், அட்டையில் உங்கள் படத்தோடு. படத்துக்குப் பின்னால் ஒரு பாய்க்கப்பல். அதுகூடக் கிரேக்கக் கப்பல் இல்லை. யாரோ இணையத்திலிருந்து எடுத்துப் போட்ட கடற்கொள்ளைக்காரர் கப்பல். உற்றுப் பார்த்தால் கொடியில் மண்டையோடு தெரிகிறது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். நீங்களே பார்த்திருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பீர்கள். ஆனால் உங்கள் கடைசி அத்தியாயம் அதில் இல்லை. அதன் இடத்தில், உங்கள் பெயரில், நீங்கள் எழுதாத வேறொன்று இருக்கிறது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். அதனால் நம் இருவருக்கும் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மூன்று பேர். நீங்கள், சிவபாதம், நான். கிரேக்க முதலாளி ஒருவரின் பழைய சரக்குக் கப்பலில் ஒன்றாக வேலைக்கு ஏறியவர்கள். நானும் சிவபாதமும் மேல்தளத்தில் துருச் சுரண்டிப் பெயின்ட் அடித்தோம். நீங்கள் கீழே எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டீர்கள். இரண்டாம் எஞ்சினியர் ஸ்தாவ்ரோஸ் உங்களுக்குக் கிரேக்கம் சொல்லித் தந்தான். பதிலுக்கு நீங்கள் அவனுக்கு மிளகாய்த்தூள் போட்டு மீன் சமைத்துக் கொடுத்தீர்கள். அவன் அறையில் ஒரு மூன்று பாய்மரக் கப்பலின் படம் தொங்கியது. ஒருநாள் அதைக் காட்டி அவன் சொன்னதை நீங்கள் மேலே வந்து எங்களுக்குச் சொன்னீர்கள். அவனுடைய பூட்டன் அந்தக் கப்பலில் வெறும் மாலுமி, ஆனால் அந்தக் கப்பல் உழைத்ததில் அவருக்குப் பங்கு இருந்தது. ஸ்தாவ்ரோஸ் படித்துப் பட்டம் வாங்கிய எஞ்சினியர், ஆனால் இந்தக் கப்பலில் ஒரு ஆணிகூட அவனுடையதில்லை.

நாங்கள் கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டோம். நீங்கள் அங்கேயே நின்றுவிட்டீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஊருக்குத் திரும்ப முடியாது என்று ஆன வருடம், இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கினோம். ரயிலேறிச் சுவிஸுக்கு வந்தோம். அகதி முகாம், விசாரணை, கடிதங்கள். பிறகு பாடன் நகரத்து உணவகங்களில் கோப்பை கழுவினோம். அதன்பிறகுதான் மூவருமாகச் சேர்ந்து துப்புரவு வேலை எடுத்துச் செய்யத் தொடங்கினோம். முதலில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக். பிறகு இரண்டு அலுவலகங்கள். உங்கள் ஒற்றை அறை வீட்டில் கட்டிலில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, மூன்று பேரும் சமம் என்று சொன்னது நீங்கள்தான். வருவதைப் பிரித்தோம். ஒருவர் வருத்தமாகிப் படுத்தால் அவர் வேலையையும் மற்ற இருவரும் செய்தோம். இங்கே முதலாளியைச் சொல்வதுபோல, யாரும் யாருக்கும் ஷெஃப் இல்லை.

எங்கள் மூவரில் சிவபாதத்துக்குத்தான் முதலில் நிரந்தர விசா கிடைத்தது. உங்களிடமும் என்னிடமும் எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம் என்ற அட்டைதான் இருந்தது. அந்த அட்டையோடு கம்பனி பதிய முடியாது. பெரிய தொழிற்சாலைக் கட்டடங்களின் வேலை வந்தபோது, பெரிய மெஷின்கள் வாங்க வங்கிக் கடன் வேண்டும், வங்கி ஒரு பெயரைக் கேட்டது. சிவபாதம் தன் பெயரைக் கொடுத்தார்.

"இப்போதைக்கு என்ரை பேரில கிடக்கட்டும். உங்களுக்கு விசா வந்த உடனை மூண்டு பேரின்ரை பேரிலையும் மாத்துவம்," என்றார்.

எங்களுக்கும் விசா வந்தது. அந்தக் கிழமையே அவர் எங்கள் முன் வைத்தது வேலை ஒப்பந்தம். மாதச் சம்பளம், விடுமுறை, மூன்று மாத முன்னறிவித்தல். நீங்கள் வாசித்தீர்கள். பேனையை எடுத்தீர்கள். கையெழுத்துப் போட்டீர்கள். நீங்கள் போட்டதால் நானும் போட்டேன். வெளியே வந்ததும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டீர்கள். அவ்வளவுதான்.

ஏன் அண்ணை? அன்றைக்கு ஏன் ஒன்றும் கதைக்கவில்லை?

அந்த வருடம்தான் நூலகத்துக்குப் போகத் தொடங்கினீர்கள் என்று மலர் அக்கா இப்போது சொல்கிறா. உங்கள் மனைவிக்கே அது அப்போது விளங்கவில்லை. வேலை முடிந்து வந்து, குளித்து, ஜெர்மன் புத்தகங்களையும் கிரேக்கப் புத்தகங்களையும் அகராதியோடு வைத்துக்கொண்டு இருந்தீர்கள். நூலகத்துப் பெண் வேறு நகரங்களிலிருந்தும் உங்களுக்காகப் புத்தகம் வரவழைத்துத் தந்தாள். பல வருடம் வாசித்த பிறகு எழுதவும் தொடங்கினீர்கள். முதல்முறையாக அக்காவை வெளிநாட்டு விடுமுறைக்குக் கூட்டிப்போனதும் கிரேக்கத்துக்குத்தான். கடற்கரை பார்க்கலாம் என்று அக்கா புதுச் செருப்பு வாங்கினா. நீங்கள் அவவைக் கலக்சிடி என்ற சின்னத் துறைமுக ஊரில் ஒரு பழைய கட்டடத்துக்குள் மூன்று நாள் இருத்தி வைத்துவிட்டு, மாலுமிகளின் பழைய ஒப்பந்தங்களைக் கொப்பியில் பார்த்தெழுதினீர்கள்.

அந்த ஊரைப் பற்றி நீங்கள் எழுதிய பக்கங்கள் எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். நான்தானே கணினியில் ரைப் பண்ணினேன்! ஒரு காலத்தில் அங்கே கப்பலை ஊரே கட்டியது. மரம் ஒருவர், கயிறு ஒருவர், பணம் பலபேர். கருங்கடல் துறைகளில் கோதுமை ஏற்றி மேற்கே கொண்டுபோய் இறக்கினார்கள். பயணம் முடிந்து செலவு போக மிஞ்சியதில் கப்பித்தானுக்கும் பங்கு, பாய் இழுத்தவனுக்கும் பங்கு, சமைத்தவனுக்கும் பங்கு. மாரி வந்தால் கப்பல் துறையில் நின்றது. மாலுமி வீட்டில் நின்றான்.

பிறகு நீராவி வந்தது. இரும்புக் கப்பலை ஊர்க் கரையில் வைத்துக் கட்ட முடியாது. இங்கிலாந்துக்காரர் ஓட்டிக் கழித்ததைப் பழசாக வாங்க வேண்டும். அதற்குப் பெருங்கடன். கடன் கொடுப்பவனுக்கு நாற்பது பேரின் கைநாட்டு வேண்டாம், ஒரு பெயர் போதும். சில தீவுகளில் கெட்டிக்காரக் குடும்பங்கள் அந்தப் பெயரைக் கொடுத்துப் பெரிய முதலாளிகள் ஆயின. உறவுகளுக்குள் பங்கு இருந்தது. கரி அள்ளிப் போட்டவனுக்கு மாதச் சம்பளம் மட்டும். மாரியிலும் கப்பல் ஓடியது. கலக்சிடிக்காரர் பாயை விடமாட்டோம் என்று நின்றார்கள். அவர்களின் துறை வெறிச்சோடிப் போனது.

இந்தக் கதையை எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள், மாறியவன் பிழைத்தான், மாறாதவன் அழிந்தான் என்று. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. நீராவி வேண்டாம் என்றும் ஒரு இடத்திலும் எழுதவில்லை. எஞ்சின் என்றால் உங்களுக்கு உயிர். நீங்கள் கேட்டது வேறு கேள்வி. எஞ்சின் வந்ததால்தான் மாலுமியின் பங்கு போனதா, இல்லை, எஞ்சினைச் சாக்காக வைத்து அதை எடுத்தார்களா? எஞ்சினும் இருந்து, பங்கும் இருந்திருக்க முடியாதா?

அந்தக் கேள்விக்குப் பதில்தான் உங்கள் கடைசி அத்தியாயம். மற்ற அத்தியாயங்களை எழுதித் தந்தீர்கள். இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வாயால் சொன்னீர்கள். மூச்சு வாங்கி வாங்கி, நான்கு பின்னேரங்கள். நான் மடிக்கணினியை முழங்காலில் வைத்து அடித்தேன். கிரேக்கத்தில் தொடங்கிப் பாடனுக்கு வந்தீர்கள். எங்கள் மூவரின் கதையைப் பெயரோடு சொன்னீர்கள். என் விரல் நின்றது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னீர்கள்: "அடி, தம்பி. இதுதான் புத்தகம். மற்றதெல்லாம் இதுக்கு வாற பாதை."

ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை.

இனி என் பிழையைச் சொல்கிறேன். செத்தவீட்டுக்கு வந்த சிவபாதம் அழுதார். பொய் அழுகை இல்லை. அண்ணையின் புத்தகத்தை நினைவு மலராக நானே போடுகிறேன், எல்லாப் பொறுப்பும் என்னுடையது என்றார். அக்கா தலையாட்டினா. நான் கணினியில் இருந்த கோப்பை அப்படியே அவருக்கு அனுப்பினேன். கடைசி அத்தியாயத்தில் அவர் பெயர் இருக்கிறது என்று தெரிந்தே அனுப்பினேன். வாசித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார், கதைப்போம் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. இரண்டு கிழமை கழித்து அச்சுக்குப் போகும் முன்னான பிரதியை எனக்கு அனுப்பினார், எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி. கடைசி அத்தியாயத்தின் தலைப்பு மாறியிருந்தது. "பாய்க்கப்பலில் பங்காளி, நீராவிக் கப்பலில் கூலியாள்" என்பது உங்கள் தலைப்பு. அதன் இடத்தில் "காலத்தோடு மாறிய கிரேக்கர்: தமிழருக்கு ஒரு பாடம்" என்று இருந்தது. பாயைக் கட்டிப்பிடித்தவர்கள் அழிந்தார்களாம். தூரநோக்கு உள்ளவர்கள் உலகை ஆண்டார்களாம். சுவிஸிலும் அப்படிப்பட்ட முன்னோடிகள் நம்மிடையே உண்டாம். அந்த வரிக்குக் கீழே, கம்பனி வான் வண்டிகள் வரிசையாக நிற்க, முன்னால் கைகட்டி நிற்கும் சிவபாதத்தின் படம்.

எல்லாம் "நான்" என்று எழுதியிருந்தது. உங்கள் குரலில். நீங்கள் சிவபாதத்தை முன்னோடி என்று புகழ்வதுபோல.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏழு எழுத்துப் பிழை கண்டுபிடித்துத் திருத்தித் திருப்பி அனுப்பினேன். எனக்கு இன்னும் நான்கு வருடம் வேலை இருக்கிறது. அவர்தான் என் ஷெஃப். இதைவிட வேறு காரணம் இல்லை. நீங்கள் அன்றைக்குப் பேனையை எடுத்தது எப்படி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதால் உங்கள் மேல் வந்த கோபம் குறையவில்லை, கூடியது.

முப்பத்தோராம் நாள், தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். உயிரோடு இருக்கும்போது "கிரேக்கக் குணம்" என்று உங்களைப் பகிடி பண்ணியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். கோப்பை கழுவ வந்தவனுக்கு ஏன் கப்பல் சரித்திரம் என்று கேட்ட ஒருவர் மேடையேறி, எங்கள் சமூகத்தின் அறிவுச் சொத்து என்று உங்களைச் சொன்னார். இரண்டு பெண்பிள்ளைகள் புத்தகத்தை வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள்.

மலர் அக்கா புத்தகத்தைப் பின்பக்கமிருந்து திறந்தா. ஏன் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுதிய ஒவ்வொரு அத்தியாயத்தையும், அவ உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருக்கும்போது வாசித்துக் காட்டியிருக்கிறீர்கள். கடைசியை மட்டும் வாசிக்கக் கிடைக்கவில்லை. ஆனால் அதில் என்ன வரும் என்று அவவிடம் சொல்லியிருந்தீர்கள். அவ ஒரு பக்கம் வாசித்தா. அடுத்த பக்கம் திருப்பினா. படத்தைக் கண்டா. புத்தகத்தை மூடி மடியில் வைத்தா. சிவபாதம் மைக்கில் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எழும்பினா.

"சிவபாதம், இது அவர் எழுதினதில்லை."

சிவபாதம் மைக்கைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்துக்கொண்டு, கவலையில் கதைக்கிறீர்கள், பிறகு ஆறுதலாகக் கதைப்போம் என்று தன்மையாகச் சொன்னார். அக்கா இருக்கவில்லை.

"நான் கவலையில கதைக்கேல்லை. முப்பது வருசமா அந்த மனுசன்ரை பேச்சைக் கேட்டவள். அவர் இப்பிடி ஒரு வசனம் எழுதமாட்டார். நேசனுக்குத் தெரியும். நேசன், நீர் எழும்பிச் சொல்லும்."

நூறு தலை என் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் ஒருவர், நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று முணுமுணுத்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு எப்போதும் ஒரு நல்ல நாள் இருக்கும், உண்மையைச் சொல்லாமல் விடுவதற்கு. கலியாணமென்றால் கலியாணத்தன்று வேண்டாம். செத்தவீடென்றால் செத்தவீட்டில் வேண்டாம்.

எழும்பினேன். இது குணம் அண்ணையுடையது இல்லை, அவர் சொன்னது வேறு, அவர் சொல்லச் சொல்ல அதை நான்தான் ரைப் பண்ணினேன் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்த முடியவில்லை. மாற்றியது எனக்கு முன்பே தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்றும் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள் மகள் அபி நொஷாட்டல் நகரத்திலிருந்து வந்திருந்தாள். அவள் தமிழ் வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான். ஆனால் நடந்தது முழுக்க விளங்கியிருந்தது. முதல் வரிசையிலிருந்து ஒவ்வொருவர் கையிலும் இருந்த புத்தகத்தை வாங்கினாள். சிலர் சத்தமில்லாமல் கொடுத்தார்கள். சிலர் கைப்பைக்குள் ஒளித்தார்கள். அவள் அவர்கள் முன்னாலேயே கை நீட்டிக்கொண்டு நின்றாள், அவர்களும் கொடுக்கும்வரை. எல்லாவற்றையும் பெட்டிகளில் அடுக்கி அவளே சிவபாதத்தின் காருக்குள் ஏற்றினாள். அவர் காருக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் சாப்பாடு பரிமாறத் தொடங்கினார்கள்.

திங்கட்கிழமை காலையில் அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். ஒரு கையில் நீங்கள் சொன்ன அத்தியாயம். மற்றக் கையில் என் வேலை விலகல் கடிதம். கடிதத்தை முதலில் மேசையில் வைத்தேன். அவர் வாசித்துவிட்டுப் போவதென்றால் போ என்றார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது. நீங்கள் இரண்டு பேரும் முதுகுக்குப் பின்னால் புத்தகம் எழுதுகிறவர்கள் என்றார். அந்தக் காலத்தில் கையெழுத்துப் போட ஒருவருக்கும் துணிவு இல்லை, நான்தான் போட்டேன், வேலை பிழையாகிப் போயிருந்தால் யாருடைய விசா போயிருக்கும் என்று கேட்டார். கேள்வி சரி. உங்கள் பக்கத்தை எடுத்து வாசித்தேன்.

நீங்கள் சொன்னதுதான், ஒரு சொல்லும் மாறாமல்:

"அன்றைக்கு எங்கள் மூவரில் சிவபாதம் ஒருவனால்தான் கையெழுத்துப் போட முடிந்தது. வேலை பிழையாகிப் போயிருந்தால் அவன் விசாவும் போயிருக்கும். தெரிந்துதான் போட்டான். எங்கள் பிள்ளைகள் பசி தெரியாமல் வளர்ந்தது அந்தக் கையெழுத்தால். இதற்கு நான் அவனுக்கு ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. எங்களுக்கும் விசா வந்த பிறகு அவன் சொன்னபடி செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. செய்யாதது அவன் பிழை. கேட்காதது என் பிழை. ஒரு கப்பல் எல்லோருடைய கையிலிருந்தும் ஒருவர் கைக்கு எப்படிப் போகிறது என்று தேடித் தேடி வாசித்தேன். கொள்ளை அடித்து இல்லை. இப்படித்தான் போகிறது."

வாசித்து முடித்தேன். அவர் கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுத் தானே வாசித்தார். முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார்.

"உதை நான் வாசிக்கேல்லை, நேசன். என்ரை பேரைக் கண்ட உடனை மூடிப்போட்டன்."

நம்புகிறேன். மனிதர் அப்படித்தான். அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடுகிறது. தன்னைப் புகழ்ந்து தானே ஒரு அத்தியாயம் எழுதுவித்தார். உண்மையில் தனக்கு நன்றி சொன்ன ஒரே ஒரு பக்கத்தைப் பார்க்காமலே தூக்கி எறிந்தார். முப்பது வருடமாக அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த சொல் அதில் இருந்தது. எதிர்பார்த்திருக்கிறார் என்று அந்தக் காலையில் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"ஏன் அண்ணை இதை எனக்கு நேரில சொல்லேல்லை?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

என் கேள்வியும் அதுதானே, அண்ணை. கலக்சிடி மாலுமிகளின் பெயரெல்லாம் தேடிப் போய்க் கொப்பியில் எழுதினீர்கள். உங்கள் வீட்டிலிருந்து நாலு பஸ் தரிப்பிடம் தள்ளி இருந்த மனிதரிடம் போய் ஒரு வசனம் கதைக்கவில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனீர்கள். அவர் மகளின் கலியாணத்தில் முன்னுக்கு நின்று வேலை செய்தீர்கள். அவரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை, இடையில் இருந்த நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். மூன்று பேரும் நல்லவர்களாக இருந்துவிட்டோம். அந்த நல்லதனத்தில் ஒரு ஆயுள் போய்விட்டது.

கடைசியில் அவர் தாளை என்னிடம் திருப்பித் தந்தார்.

"அச்சடி. என்ரை பேரை எடுக்காதை."

கம்பனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை என்று எழுத வந்துவிட்டேன். இல்லை. இந்த முறை கேட்டேன். அன்றைக்குச் சொன்னபடி எங்கள் இரண்டு பேரின் பெயரையும் ஏன் போடவில்லை என்று நேராகக் கேட்டேன். தனக்கே தெரியவில்லை என்றார். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் மாற்றலாம் என்று நினைத்தாராம். பிறகு கேட்பார் இல்லை, அப்படியே விட்டுவிட்டாராம். அது உண்மையென்றே எனக்குப் பட்டது. உண்மையாக இருப்பதால் அது சரியாகிவிடாது. அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். விலகல் கடிதத்தைத் திருப்பி எடுக்கவில்லை.

என் மனைவி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அறுபத்தொரு வயதில் யார் வேலை தருவார்கள் என்று அவள் கேட்பது சரிதான். இன்னும் இரண்டு மாதம் முன்னறிவித்தல் காலம் இருக்கிறது. காலையில் போய் மெஷினில் ஏறி இருந்து தொழிற்சாலைத் தரையைக் கழுவிவிட்டு வருகிறேன். சிவபாதம் காணும்போது தலையை அசைக்கிறார். நானும் அசைக்கிறேன். கூட வேலை செய்யும் பெடியளில் மூன்று பேர் நேற்று இடைவேளையில் வந்து, அண்ணை, அந்தக் கடைசி அத்தியாயத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்டார்கள். கைபேசியில் வைத்திருந்தேன். வாசித்துக் காட்டினேன். அவர்கள் பாண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மன்னித்தேன் என்று அவ சொல்லவில்லை. கதிரையைக் காட்டி, முதலில் முழுக்க வாசி என்றா. அயன் பண்ணும் பலகையை விரித்தா. உங்களிடமிருந்து கேட்கக் கிடைக்காத அத்தியாயத்தை நான் வாசித்தேன். சிவபாதத்துக்கு நீங்கள் நன்றி சொல்லும் இடம் வந்ததும் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இதை எனக்கும் சொல்லேல்லை," என்றா. அவவின் குரலிலும் கோபம்தான் இருந்தது. அழுகை பிறகு வந்தது.

புத்தகம் வருகிற மாதம் அச்சுக்குப் போகிறது. அபிதான் அட்டையைச் செய்கிறாள். இந்த முறை கிரேக்கக் கப்பல்தானா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டேன். கடைசி அத்தியாயம் உங்கள் தலைப்போடு, எல்லாருடைய பெயரோடும் அதன் இடத்தில் இருக்கும். என் பெயரும் இருக்கும், கையெழுத்துப் போட்டவனாக. அதில் ஒரு வரி நான் சேர்க்கவில்லை, ஒரு வரி எடுக்கவில்லை.

உங்களுக்கு நான் தரக்கூடிய வாக்கு இதுதான், அண்ணை. உங்களைப்போல வாசிக்க என்னால் முடியாது. உங்களைப்போல எழுதவும் முடியாது. ஆனால் உங்களைப்போல மனதுக்குள் வைத்துக்கொண்டு போகமாட்டேன். யாரிடம் கோபமோ அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிச் சொல்வேன். யாருக்கு நன்றியோ அவருக்கும் அப்படியே. கதைத்து முடித்துவிட்டுத்தான் வருவேன். நான் அங்கே வரும்போது உங்களிடம் கதைக்க மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

கோபம் தீராமலும் உரிமை விடாமலும்,
கப்பலில் உங்களுக்குக் கிடைத்த தம்பி,
நேசன்
பாடன்